டோப் பண்ணின ஃபெரோஎலக்ட்ரிக் பளிங்குக்குள்ள சிக்கிக் கிடக்கிற சார்ஜத் தேடிப் பிடிக்கிறது எப்பிடி? புதுசா வாற ஆக்களுக்கு

வந்தாறுமூலைக் கம்பசிலயோ சம்மாந்துறைக் கம்பசிலயோ ஃபிசிக்ஸ் ஃபைனல் இயருக்கு வந்து, சுப்பர்வைசர் சின்னப் பெட்டிக்குள்ள அஞ்சு மில்லிமீற்றர் பளிங்குத் துண்டு ஒண்டப் போட்டுத் தந்து, "இது இரும்பு டோப் பண்ணின லித்தியம் நயோபேட், இதுக்குள்ள என்னென்ன ட்ராப் இருக்கு எண்டு பாருங்க" எண்டு சொல்லி அனுப்பியிருந்தா, இது உங்களுக்குத்தான். பேப்பர்கள் எல்லாம் முடிவச் சொல்லும், வேலைய எந்த ஒழுங்கில தொடங்கிறது எண்டு சொல்லாது, அதான் அந்த ஒழுங்க எழுதுறன்.

முக்கியமா ஒண்டு. ட்ராப் எண்டுறது எப்பவும் ஒரே நிலையில கிடக்கிற சாமான் இல்ல. நேத்து அந்தப் பளிங்குல பட்ட வெளிச்சமும் சூடும் இண்டைக்கு நீங்க எடுக்கிற அளவில தெரியும். காலையில எடுத்த ஸ்பெக்ட்ரமும் பின்னேரம் எடுத்ததும் ஒத்துப் போகாட்டி, மெஷின்ல பிழை எண்டு ஓடுறதுக்கு முதல், இடையில பளிங்கு எங்க கிடந்தது எண்டு யோசிங்க, ஜன்னல் பக்கத்தில கிடந்திருந்தா அதுவே காரணமா இருக்கலாம்.

அடிப்படைய வேகமாச் சொல்லிட்டுப் போறன். ஃபெரோஎலக்ட்ரிக் எண்டா உள்ளுக்கு ப்ளஸ்சும் மைனசும் தானாவே ஒரு திசையில விலகி நிக்கிற பளிங்கு, வெளியில இருந்து வோல்டேஜ் குடுத்தா அந்தத் திசையத் திருப்பலாம். 1920ல ஜோசப் வலசெக் எண்டவர் ரோஷெல் உப்புல கண்டுபிடிச்சது இது. ஒவ்வொரு பளிங்குக்கும் ஒரு கியூரி வெப்பநிலை இருக்கு, அதத் தாண்டினா இந்தக் குணம் இல்லாமப் போயிரும். டோப் பண்ணுறது எண்டா வேற அணுவக் கொஞ்சமா உள்ளுக்குச் சேர்க்கிறது. ட்ராப் எண்டா ஓடித் திரியிற இலத்திரனோ துளையோ (இலத்திரன் இல்லாத இடம், ப்ளஸ் சார்ஜ் மாதிரி நடக்கும்) விழுந்து மாட்டிக்கொள்ளுற இடம். மாரி மழை விட்டாப் புறகு வயல்ல தண்ணி வத்தினாலும் குழிகளுக்குள்ள கிடக்கும், சின்னக் குழி வெள்ளன காயும், ஆழக் குழி நாள் கணக்குல கிடக்கும், ட்ராப்பும் அப்பிடித்தான், அந்த ஆழத்த நாங்க இலத்திரன் வோல்ட்ல சொல்றம்.

முதல் வேலை: மெஷினத் தொடாம சார்ஜ் கணக்கு எழுதுறது

ஒரு கொப்பியும் பேனையும் காணும் இதுக்கு. பளிங்கு முழுக்க நடுநிலையா இருக்கவேணும், ஆகவே நீங்க போட்ட அணு பழைய அணுவ விட ஒரு ப்ளஸ் கூடவோ குறையவோ கொண்டுவந்தா அதச் சமன் பண்ண வேற ஒண்டு எங்கயோ உருவாகித்தான் இருக்கும். அது என்ன எண்டு எழுதாம ட்ராப் தேடப் போகாதீங்க.

பேரியம் டைட்டனேட்டுல டைட்டானியம் 4+. அந்த இடத்தில இரும்பு 3+ போய் இருந்தா ஒரு ப்ளஸ் குறையும். ரெண்டு இரும்பு போனா ரெண்டு குறையும், அத ஈடு செய்ய ஒரு ஒட்சிசன் அணு தன்ர இடத்த விட்டுட்டுப் போகும், அந்த வெற்றிடம் பக்கத்தோட பாத்தா 2+. இந்த ஒட்சிசன் வெற்றிடம் சும்மா கிடக்கிறதில்ல, வோல்டேஜ் குடுத்தா மெல்ல மெல்ல நகர்ந்து எலெக்ட்ரோட் பக்கம் சேரும், நாளடைவில கசிவு மின்னோட்டம் கூடும். உங்கட ஃபோனுக்குள்ள நூற்றுக்கணக்கில இருக்கிற குட்டிக் கப்பாசிட்டர்கள் பேரியம் டைட்டனேட்டுலதான் செய்யிறது, அதுகள் வருஷக் கணக்கா உழைக்கவேணும் எண்டுதான் கொம்பனிக்காரர் டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், மங்கனீசு எண்டு கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து இந்த வெற்றிடங்களக் கட்டுப்படுத்துறாங்க. (பேரியம் டைட்டனேட்டுக்கு வேண்டிய டைட்டானியம் டைஒக்சைட்ட இல்மனைட்டுல இருந்துதான் கூடுதலா எடுக்கிறது, அந்த இல்மனைட் எங்கட கிழக்குக் கரையில, புல்மோட்டைக் கருமணல்ல கிடக்கு.)

இப்ப உங்கட கையில உள்ள லித்தியம் நயோபேட்டுக்கு வருவம், இதுல ஒரு கணக்குச் செய்து காட்டுறன், நீங்களும் உங்கட துண்டுக்குச் செய்யுங்க. சாதாரணமா உருக்கில இருந்து இழுத்து வளர்க்கிற லித்தியம் நயோபேட்டுல லித்தியம் கொஞ்சம் குறைவு, லித்தியமும் நயோபியமும் சேர்ந்த மொத்தத்தில லித்தியம் 50 வீதம் இருக்கவேண்டிய இடத்தில ஏறக்குறைய 48.5 வீதம்தான். அப்ப லித்தியத்திர இடத்தில நூத்துக்கு ஒண்டில நயோபியம் 5+ போய் உக்காந்திருக்கும். 1+ இருக்கவேண்டிய இடத்தில 5+, நாலு ப்ளஸ் கூட, அதச் சமன் பண்ண நாலு லித்தியம் வெற்றிடம். இந்தப் பளிங்குல ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 1.9 × 10²² லித்தியம் இடம் இருக்கு, அடர்த்தி 4.64ஐயும் மூலக்கூற்று நிறை 148ஐயும் வச்சு நீங்களே கண்டுபிடிக்கலாம். நூத்துக்கு ஒண்டு எண்டா 1.9 × 10²⁰ இடம் மாறின நயோபியம். உங்கட இரும்பு 0.05 மோல் வீதம் எண்டு வச்சா அது 9.5 × 10¹⁸ தான். பாத்தீங்களா, நீங்க காசு குடுத்துப் போட்ட இரும்ப விட ஒருத்தரும் போடாத குறைபாடு 20 மடங்கு கூட இருக்கு! புதுசா வாற ஆக்கள் கூடுதலா டோப் பண்ணினதப் பத்தியே கதைப்பாங்க, பளிங்கு தன்ர பாட்டில வச்சிருக்கிற குறைபாட்டக் கணக்கில எடுக்க மாட்டாங்க, என்ர பார்வையில அரைவாசிக் குழப்பம் இதுலதான் தொடங்குது.

இதே நயோபேட்டுல மக்னீசியம் 5 மோல் வீதம் அளவில போட்டா இந்த இடம் மாறின நயோபியம் எல்லாம் இல்லாமப் போய், வெளிச்சத்தால வாற பாதிப்பு சட்டெண்டு குறையும். அந்தப் பாதிப்ப 1966ல பெல் ஆய்வுகூடத்தில ஆர்தர் அஷ்கினும் கூட்டாளிகளும் கண்டாங்க, லேசர் பட்ட இடத்தில பளிங்குட முறிவுச்சுட்டி மாறிப் போச்சு. வெளிச்சம் இலத்திரன ஒரு இடத்தில கிளப்பி இன்னொரு இடத்தில ட்ராப்புல விழுத்த, உள்ளுக்கு மின்புலம் ஒண்டு உருவாகி அதுதான் முறிவுச்சுட்டிய மாத்துது. அவருக்கு 2018ல நோபல் கிடைச்சது வேற வேலைக்கு, லேசரால சின்னத் துணிக்கையப் பிடிக்கிறதுக்கு.

உங்கட கையில உள்ளது இன்னொரு ஃபெரோஎலக்ட்ரிக்கான டின் ஹைப்போதயோடைபொஸ்பேட் எண்டா, அதுல டின் 2+. அந்த இடத்தில ஆன்டிமனி 3+ வந்தா ஒரு ப்ளஸ் கூட, ரெண்டு ஆன்டிமனிக்கு ஒரு டின் வெற்றிடம் சமன். கணக்கு முறை அதேதான்.

மறுகா, பளிங்குட மூணு நம்பரக் கொப்பிட முதல் பக்கத்தில எழுதி வையுங்க: கியூரி வெப்பநிலை, பாண்ட் கேப் (கட்டுப்பட்ட இலத்திரன ஓட விடத் தேவையான ஆகக் குறைஞ்ச சக்தி), துண்டுட தடிப்பு. லித்தியம் நயோபேட்டுக்கு கியூரி 1140 பாகை செல்சியஸ் அளவில, பாண்ட் கேப் 4 இலத்திரன் வோல்ட்டுக்குக் கிட்ட. பேரியம் டைட்டனேட்டுக்கு 120 பாகை, 3.2. டின் பளிங்குக்கு 64 பாகைதான், 2.3. இந்த 64ல கவனம் இருக்கட்டும், கச்சான் காலத்தில வெயில்ல நிப்பாட்டின வேன் டாஷ்போர்ட்ல பளிங்க வச்சிட்டு கல்லடியில சாப்பிட இறங்கினீங்க எண்டா அந்தச் சூட்டையும் தாண்டலாம், போலிங் (வோல்டேஜ் குடுத்து ஒரே திசைக்குத் திருப்பி வச்சது) எல்லாம் போயிரும்.

ரெண்டாவது: பழசெல்லாம் அழிச்சிட்டுத் தொடங்கிறது

பளிங்குக்குள்ள பழைய நடப்பு மூண்டு அடுக்காப் பதிஞ்சு கிடக்கும். மேலால உள்ளது வெளிச்சத்தால வந்தது, இருட்டில வச்சு 200 பாகைக்குக் கொஞ்சம் மேல சூடாக்கினா கூடுதலா அழியும். அதுக்கு அடுத்தது ஒட்சியேற்ற நிலை, இரும்புல எவ்வளவு 2+, எவ்வளவு 3+ எண்டுறது, இத மாத்த பல நூறு பாகையில ஒட்சிசனுக்குள்ளயோ ஆகனுக்குள்ளயோ மணிக்கணக்கா வைக்கவேணும். அடியில உள்ளது வளர்க்கேக்குள்ள வந்த குறைபாடு, அத நீங்க ஒண்டும் செய்யேலாது. எந்த அடுக்க அழிக்கிறீங்க எண்டு தெரிஞ்சு செய்யுங்க. டின் பளிங்க 200 பாகைக்குக் கொண்டு போகாதீங்க, அதுக்கு வேற வழி, இருட்டில ஒரு இரவு வச்சிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தொடங்கிறது.

சூடாக்கிற நேரம் ஒரு ஆபத்து. ஃபெரோஎலக்ட்ரிக் எல்லாம் பைரோஎலக்ட்ரிக்கும்தான், சூடு மாறினா மேற்பரப்பில சார்ஜ் வரும். லித்தியம் நயோபேட்ட விறுக்கெண்டு சூடாக்கினாலோ குளிராக்கினாலோ பொறி பறக்கும், பளிங்கு வெடிச்சும் போகலாம். ஆகவே ரெண்டு முகத்தையும் அலுமினியம் ஃபொயில்ல சுத்தி ஒண்டோட ஒண்டு தொடுக்க வச்சு, நிமிஷத்துக்கு ரெண்டு மூண்டு பாகை எண்டு மெதுவா ஏத்தி மெதுவா இறக்குங்க.

லொக் கொப்பி ஒண்டு இந்த வேலைக்கெண்டே வையுங்க. தேதி, நேரம், அறை வெப்பநிலை, ஈரப்பதன், பளிங்கு கடைசியா எந்த வெளிச்சத்தில எவ்வளவு நேரம் நிண்டது, கடைசியா எத்தின பாகைக்குச் சூடாச்சு. மாணவர்கள் கிராஃப மட்டும் கொண்டு வந்து காட்டினா அதுல ஒண்டும் கதைக்கேலாது, இந்த லொக் இருந்தாத்தான் கிராஃப் கதைக்கும்.

மூண்டாவது: ஸ்பெக்ட்ரம், வெளிச்சத்துக்கு முதலும் புறகும்

டிப்பார்ட்மென்ட்ல யுவி-விசிபிள் மெஷின் (எந்த நிற வெளிச்சத்தப் பளிங்கு எவ்வளவு உறிஞ்சுது எண்டு அளக்கிறது) இருந்தா இத இங்கயே செய்யலாம். அழிச்ச பளிங்க இருட்டில கொண்டு போய் ஒரு ஸ்கேன், மறுகா நீல எல்இடி ஒண்டால பத்து நிமிஷம் வெளிச்சம் குடுத்திட்டு உடனே இன்னொரு ஸ்கேன், ரெண்டையும் கழிங்க. தனி ஸ்பெக்ட்ரம் பெரிசா ஒண்டும் சொல்லாது, வித்தியாசம்தான் சார்ஜ் எங்க இருந்து எங்க போனது எண்டு சொல்லும். பளிங்க எடுத்திட்டுத் திரும்பி வைக்கேக்குள்ள ஒரே இடம் ஒரே கோணம் வரவேணும், அதுக்கு கறுப்புக் காட்போட்டுல துண்டுட அளவுக்கு ஓட்டை வெட்டி ஹோல்டர்ல ஒட்டி வச்சா சரி.

மெஷின் தாறது அப்சோபன்ஸ், அதச் சென்ரிமீற்றருக்கான குணகமா மாத்தவேணும், 2.303ஆல பெருக்கி தடிப்பால பிரிக்கிறது. தடிப்பு 2 மில்லிமீற்றர், வித்தியாசம் 0.05 எண்டா, 2.303 × 0.05 ÷ 0.2, விடை 0.58. தடிப்ப மில்லிமீற்றர்ல போட்டுட்டு விட்டீங்க எண்டா பத்து மடங்கு பிழைக்கும். இன்னொண்டு, நயோபேட்டுட ஒவ்வொரு முகமும் விழுற வெளிச்சத்தில 15 வீதம் அளவுக்குத் திருப்பி அனுப்பும், ஆகவே தனி ஸ்பெக்ட்ரத்தில கோடு பூச்சியத்துக்கு வராது, அது ட்ராப் இல்ல. கழிச்சு எடுத்தா இந்தப் பிரச்சினை தன்ர பாட்டில போயிரும்.

எங்க பாக்கிறது எண்டா, இரும்பு 2+ நயோபேட்டுல 480 நனோமீற்றர் அளவில அகலமான பட்டை தரும், அது குறைஞ்சா இரும்பு இலத்திரனக் குடுத்திருக்கு. ஒட்சிசன் இல்லாமச் சூடாக்கிக் கறுத்துப் போன பளிங்குல 500 அளவில ஒரு பட்டை வரும், ரெண்டு இலத்திரன் சோடியா மாட்டினது, வெளிச்சத்தால சோடி பிரிஞ்சா 760 அளவில இன்னொண்டு எழும்பும், அது இடம் மாறின நயோபியத்தில தனியா மாட்டின இலத்திரன்.

நாலாவது: ட்ராப் எவ்வளவு நேரம் தாங்கும் எண்டு முன்கூட்டியே கணக்குப் பாக்கிறது

இதத்தான் நான் எல்லாத்திலயும் விரும்பிச் செய்யிறது, ஏனெண்டா ஒரு கல்குலேட்டரால ஒரு மாத வேலைய மிச்சம் பிடிக்கலாம். இலத்திரன் ட்ராப்புக்குள்ள தங்கிற நேரம் எண்டுறது, 1ஐ முயற்சி அதிர்வெண்ணால பிரிச்சு, அத எக்ஸ்பொனென்ஷியல் (ஆழம் ÷ கேடி)யால பெருக்கிறது. முயற்சி அதிர்வெண்ண (இலத்திரன் ஒரு செக்கனுக்கு எத்தின தரம் வெளியில வர முயற்சிக்கும் எண்டுறது) செக்கனுக்கு 10¹² எண்டு எடுங்க, கே எண்டுறது போல்ட்ஸ்மான் மாறிலி, கெல்வினுக்கு 0.00008617 இலத்திரன் வோல்ட், டி கெல்வின்ல. எங்கட அறை 30 பாகை, 303 கெல்வின், கேடி 0.0261.

0.5 இலத்திரன் வோல்ட் ஆழம் எண்டா 0.0002 செக்கன்தான் தங்கும், நீங்க எல்இடிய அணைக்கக் கை எடுக்கிறதுக்குள்ள போயிரும். 0.8 எண்டா 20 செக்கன். 1.0 எண்டா 12 மணித்தியாலம். 1.2 எண்டா மூணு வருஷத்துக்குக் கிட்ட. பாருங்க, 0.2 கூடக் கூட என்ன மாதிரித் தாவுது.

இதே 1.0 ஆழத்த ஏசி போட்ட 20 பாகை அறையில கணக்குப் பாத்தா 44 மணித்தியாலம். பத்துப் பாகையில நாலு மடங்கு! ஆகவே கச்சான் அடிக்கிற நாள்ல ஃபேன் மட்டும் ஓடுற லாப்ல எடுத்த டிகேய (எல்இடிய அணைச்சாப் புறகு ட்ராப் காலியாகிற வேகத்த), ஏசி அறையில எடுத்ததோட ஒப்பிட்டு "சம்பிள் மாறிட்டு" எண்டு எழுதாதீங்க. வெப்பநிலையப் பளிங்குட பக்கத்தில ஒட்டின தேர்மோகப்பிள்ல எடுங்க, சுவர்ல தொங்கிற தேர்மோமீற்றர்ல இல்ல.

ஆழமில்லாத ட்ராப்ப என்ன செய்யிறது? குளிராக்கவேணும். 0.3 ஆழம் 30 பாகையில ஒரு செக்கன்ல கோடியில ஒரு பங்கு நேரம்தான் தங்கும், திரவ நைதரசன்ல, 77 கெல்வின்ல, ஒரு வருஷத்துக்கும் மேல தங்கும். மாட்டுக்குச் சினை ஊசி போட வாற ஆக்கள் கொண்டு திரியிற கேனுக்குள்ள இருக்கிறதும் இதே திரவ நைதரசன்தான், ஆகவே மட்டக்களப்புப் பக்கம் இது கண்ணால காணாத சாமான் இல்ல, டிப்பார்ட்மென்ட் மூலமா முறையாக் கேட்டு எடுங்க. ஆனா பூட்டின ஏசி அறைக்குள்ள ஊத்தாதீங்க, ஆவியாகி ஒட்சிசனத் தள்ளிரும், மூச்சு அடைக்கிறது தெரியவும் தெரியாது. மூடி இறுக்கின போத்தல்ல எந்தக் காலமும் வைக்காதீங்க, வெடிக்கும்.

அஞ்சாவது: சூடாக்கி மின்னோட்டம் எடுக்கிறது

குளிர்ல வச்சு வெளிச்சம் குடுத்து ட்ராப்ப நிரப்பி, மறுகா இருட்டில ஒரே வேகத்தில சூடாக்கிக்கொண்டு போனா, ஒவ்வொரு ட்ராப்பும் தன்ர சூட்டில சார்ஜ விடும், அந்த இடத்தில மின்னோட்டத்தில ஒரு மேடு வரும். சில பளிங்குல வெளிச்சமாவும் வரும், அதப் பாக்கிறது தேர்மோலூமினசன்ஸ். சாதாரண குறைகடத்தியில இது லேசான வேலை. ஃபெரோஎலக்ட்ரிக்ல லேசில்ல, ஏனெண்டா சூடாக்கினாலே பைரோ மின்னோட்டம் வரும், ட்ராப்பே இல்லாட்டியும் வரும்.

எவ்வளவு வரும் எண்டு பாருங்க. நயோபேட்டுட பைரோ குணகம் சதுர மீற்றருக்கு ஒரு கெல்வினுக்கு 83 மைக்ரோகூலோம் அளவில. துண்டு 5க்கு 5 மில்லிமீற்றர், செக்கனுக்கு 0.1 கெல்வின் ஏத்தினா, 0.2 நனோஅம்பியர். நீங்க தேடுற ட்ராப் மின்னோட்டமும் அந்த அளவிலயோ அதுக்குக் கீழயோதான் இருக்கும். இத அறியாம "மேடு கண்டன்" எண்டு எழுதினா எக்ஸாமினர் முதல் கேள்வியிலயே பிடிச்சிருவார்.

பிரிக்கிற வழி இருக்கு. முதல் ஓட்டம் வெளிச்சம் குடுத்து நிரப்பிச் செய்யுங்க. திரும்பக் குளிராக்கேக்குள்ளயும் மின்னோட்டத்தப் பதியுங்க, பைரோ எண்டா திசை மாறி எதிர்ப் பக்கம் வரும், ட்ராப் காலியானா காலிதான், குளிராக்கேக்குள்ள திரும்பி வராது. மறுகா வெளிச்சம் குடுக்காம ரெண்டாவது ஓட்டம், அதே வேகம் அதே தொடக்க வெப்பநிலை. முதலாவதில இருந்து ரெண்டாவதக் கழிச்சா மிஞ்சிறது ட்ராப். இந்த மூணு கோட்டையும் ஒரே கிராஃப்ல போட்டுக் காட்டுங்க, கழிச்ச கோட்ட மட்டும் காட்டாதீங்க.

ஆழத்தக் கண்டுபிடிக்க மேட்டுட அடிவாரத்த மட்டும் எடுங்க, உச்சியில பத்து வீதம் அளவு வரைக்கும். மின்னோட்டத்திர இயற்கை மடக்கைய 1 ÷ டிக்கு எதிராக் கீறினா நேர்கோடு வரும், சரிவ கேயால பெருக்கினா ஆழம். உச்சி வரைக்கும் எடுத்தா கோடு வளைஞ்சு ஆழம் குறைவா வரும். ரெண்டு மேடு ஒண்டோட ஒண்டு ஒட்டி இருந்தா முதல் மேட்ட பாதி வழியில சூட்ட நிப்பாட்டிக் காலியாக்கிட்டு, திரும்பக் குளிராக்கி மறுகா ஏத்துங்க.

ஆழமட்டத் தற்காலிக ஸ்பெக்ட்ரோஸ்கொப்பி, டீஎல்டிஎஸ் எண்டுறது, கப்பாசிட்டன்ஸ் மாறுறத வச்சு ட்ராப் தேடுற முறை, சிலிக்கனுக்கு நல்லம். உங்கட பளிங்கு கிட்டத்தட்ட காவலி, கப்பாசிட்டன்சும் வெப்பநிலையோட தன்ர பாட்டில மாறும், தொடக்கத்தில அதுக்குள்ள போகாதீங்க.

மேற்பரப்புக் கசிவப் பத்தியும் சொல்லவேணும், எங்கட ஊருக்கு இது பெரிய விஷயம். வாவியும் கடலும் ரெண்டு பக்கம், உப்புக் காத்து, மாரியில ஈரப்பதன் சொல்லத் தேவையில்ல. பளிங்குட ஓரத்தில உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரு படலம் வந்தா மின்னோட்டம் உள்ளால போகாம ஓரத்தால போகும், அது உங்கட ட்ராப் மின்னோட்டத்த விடப் பல மடங்கு கூட. விரல் அடையாளமும் அப்பிடித்தான். ட்வீசரால பிடிங்க, ஐசோப்ரோப்பைல் அற்ககோலால துடைங்க, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள்ள வையுங்க, அளக்கேக்குள்ள உலர்ந்த நைதரசன் ஓட விடுங்க. நடு எலெக்ட்ரோட்டச் சுத்தி ஒரு வளையம் சில்வர் பேஸ்ட்டால கீறி அத நிலத்துக்குக் குடுத்தா ஓரக் கசிவு வளையத்தால போயிரும், மீற்றருக்குள்ள வராது.

கடைசி: ஈபிஆருக்கு அனுப்புறது

இதுவரைக்கும் ட்ராப் எவ்வளவு ஆழம் எண்டு தெரிஞ்சிருக்கும், அது எந்த அணு எண்டு தெரியாது. அதுக்கு இலத்திரன் பரகாந்தப் பரிவு, ஈபிஆர், வேணும், 1944ல கசான்ல சவோய்ஸ்கி தொடங்கி வச்ச முறை. 9.5 கிகாஹேட்ஸ் மெஷின்ல சோடி சேராத தனி இலத்திரன் ஒண்டு 339 மில்லிடெஸ்லா அளவில கோடு தரும், பக்கத்தில உள்ள அணுக்கருவப் பொறுத்து அந்தக் கோடு பிரியும். நயோபியம் எண்டா 10 கோடு. மங்கனீசு எண்டா 6. ஆன்டிமனியில ரெண்டு ஐசோடோப்பு, ஒண்டு 6 மத்தது 8, 57க்கு 43 எண்ட விகிதத்தில. டின்ல ஆறில அஞ்சு பங்கு அணுக்கள் பிரிக்கவே பிரிக்காது, நடுவில ஒரு பெரிய கோடும் ரெண்டு பக்கமும் சின்னக் கோடுகளும் வந்தா டின்ன யோசிக்கலாம். எந்த அணு எண்டதுக்கு ட்ராப்புட ஆழம் சாட்சி சொல்லாது, இந்தக் கோடுகள்தான் சாட்சி.

எல்லா அணுவும் தெரியாது எண்டதையும் வடிவா விளங்கிக்கொள்ளுங்க. டின் 2+, நயோபியம் 5+ இதுகள்ல தனி இலத்திரன் இல்ல, கோடு வராது. இரும்பு 3+ தெரியும், 2+ சாதாரண மெஷின்ல தெரியாது. ஆகவே வெளிச்சம் குடுத்த உடனே 3+ கோடு கூடினா 2+ இலத்திரனக் குடுத்திருக்கு எண்டு அர்த்தம், நீங்க மூண்டாவதில எடுத்த 480 பட்டை அதே நேரம் குறைஞ்சிருக்கவேணும். ரெண்டும் ஒத்துப் போகாட்டி எழுதாதீங்க, திரும்ப அளங்க.

அனுப்பேக்குள்ள பளிங்க கறுப்புத் தாள்ல சுத்தி, அதுக்கு மேல ஃபொயில் சுத்தி, துருவ அச்சு (ப்ளஸ்சும் மைனசும் விலகி நிக்கிற திசை) எந்தப் பக்கம் எண்டு பெட்டியில அம்புக்குறி போட்டு அனுப்புங்க, பளிங்குல பேனையால எழுதாதீங்க. அவங்களுக்கு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கவேண்டியது: எந்த அணு எவ்வளவு போட்டது, கியூரி எத்தின பாகை, 77 கெல்வின்ல இருட்டில முதல் ஒரு ஸ்கேன், மறுகா எந்த நிற எல்இடியால எத்தின நிமிஷம், அணைச்சாப் புறகு ஒரு ஸ்கேன், அதுக்குப் புறகு உங்கட மின்னோட்ட மேடு வந்த வெப்பநிலைக்கு ஏத்தி இறக்கி இன்னொரு ஸ்கேன். இந்தக் கடைசி ஸ்கேனக் கேக்க மறக்காதீங்க, கோடு அந்தச் சூட்டில மறைஞ்சா மேடும் கோடும் ஒரே ட்ராப்புக்குச் சொந்தம் எண்டு நீங்க சொல்லலாம், மறையாட்டி அந்த மேட்டுக்கு வேற ஆளத் தேடவேணும்.